இடது மூலையில் சுருளிவேல்

பதின்மூன்று வருடத்தில் ஏழு அணிகளின் ஜெர்சியைப் போட்டவன் சுருளிவேல். அதில் மூன்றில் அவன் பெயரே தப்பாக அச்சாகியிருந்தது. நாக்பூர்க்காரர்கள் 'சுராலிவெல்' என்று போட்டார்கள். இந்தூரில் இடம் போதவில்லையென்று 'சூர்லி'யோடு நிறுத்திக்கொண்டார்கள். திருத்தித் தரச்சொல்லி அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. "முதுகுல தான எழுதியிருக்கு, நான் எங்க பாக்கப்போறேன்" என்பான்.

கபடியில் பாடிப் போகிறவனைத்தான் ஊர் பார்க்கும். கேமராவும் அவனைத்தான் துரத்தும். சுருளிவேல் பிடிக்கிறவன். ஏழு பேர் நிற்கும் களத்தில் இடது மூலை அவனுடைய இடம். பாடி வருகிறவன் காலை நீட்டுகிற அந்த ஒரு நொடியில் பாய்ந்து கணுக்காலைப் பற்ற வேண்டும். மற்றவர்கள் வந்து மேலே விழும்வரை விடாமல் கிடக்க வேண்டும். நன்றாகப் பிடித்துவிட்டால் ஆட்களின் குவியலுக்கு அடியில் கிடப்பதால் யார் பிடித்தது என்று வெளியே தெரியாது. விட்டுவிட்டால் மட்டும் எல்லோருக்கும் தெரியும். அந்த வேலையைத்தான் அவன் ஊர் ஊராகப் போய்ச் செய்தான்.

சொந்த ஊர் ராசிங்காபுரம். அப்பா ராக்கையா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டினார். அம்மா மொக்கம்மாள் அதே ஜீப்பில் பதினாறு பெண்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, முந்தல் செக்போஸ்ட் தாண்டி, போடிமெட்டு ஏறி இறங்கி, கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் காய் எடுத்தாள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் பிடிப்பது அடித்தூரில், தரையோடு படர்ந்த சரத்தில்தான். நாளெல்லாம் குந்தியபடியே நகர வேண்டும். பள்ளிக்கூடம் லீவு விட்டால் சுருளிவேலும் கூடப் போவான். ஈரச் சரிவில் குந்தியே ஏறி, குந்தியே இறங்கிப் பழகிய பிள்ளை. பின்னாளில் பல கோச்சுகள் அவனிடம் வந்து, "பிடிக்கிறவனுக்கு இடுப்பு தாழணும்டா" என்று தொடங்குவார்கள். அவன் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டுப் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

ஆட்டத்துக்குள் வந்ததும் ஒன்றும் பெரிய கதை இல்லை. பதினேழு வயதில், ஊர் அணியில் ஒருவனுக்கு அம்மை போட்டிருந்த சமயம், பொட்டிபுரத்தில் நடந்த போட்டிக்கு ஆள் குறைந்தது. ஜீப்பு கழுவிக்கொண்டிருந்தவனை அப்படியே அழைத்துப் போனார்கள். அன்றைக்கு நான்கு பேரைப் பிடித்தான். மறு வருடம் தேனி மாவட்ட அணி. அதற்கடுத்து உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையில் விளையாட்டு வீரர் என்று வேலை கொடுத்தார்கள். காலையில் பயிற்சி, மதியத்துக்குமேல் கோன் சுற்றும் பிரிவில் வேலை. மூன்றாம் வருடம் முதலாளி மாறினார்; புது முதலாளிக்குக் கபடி பிடிக்கவில்லை. அணியைக் கலைத்துவிட்டார்கள். அந்த வாரமே மங்களூரிலிருந்து ஒரு கிளப் கூப்பிட்டது. மீன் வாடையே ஆகாதவன் அங்கே போய் மூன்று வேளையும் மீன் தின்னப் பழகினான்.

அப்போதுதான் தொலைக்காட்சியில் காட்டுகிற பெரிய லீக் வந்தது. நாக்பூர் அணியில் இடம் கிடைத்தது. இடமென்றால் பெஞ்சில் இடம். முதல் வருடம் இரண்டே ஆட்டத்தில்தான் களம் இறங்கினான், அதுவும் கடைசிச் சில நிமிடங்கள். ராசிங்காபுரத்தில் ஊரே டீக்கடை டிவி முன்னால் கூடியிருந்தது. மறுநாள் அம்மா போன் செய்தாள்.

"அப்பு, உன்னையக் காணவே இல்லயே."

"ஆடுனேனே ஆத்தா. ஒருத்தனைப் பிடிச்சேன்ல?"

"குமிச்சலா கெடந்தீங்க. அடியில ஒரு காலு தெரிஞ்சுச்சு. அது உன் காலுதான்னு நான் சொன்னேன். ஒரு பயலும் நம்பல."

"அது என் காலுதான் ஆத்தா."

"அதான சொன்னேன்" என்று அம்மா சந்தோஷமாகப் போனை வைத்தாள்.

நாக்பூரில் இரண்டு வருடம், பிறகு இந்தூரில் ஒன்று. இந்தூரில் இருக்கும்போது கல்யாணம் நடந்தது. பெண் பானுப்பிரியா, தூரத்து அத்தை மகள். போடியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் காயைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்தாள். கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் அவன் முகாமுக்குக் கிளம்பிவிட்டான். அடுத்து ராஞ்சி. ஒவ்வொரு அணியிலும் அவனுக்கு மேலே பெயர் பெற்ற ஓர் இடது மூலைக்காரன் இருப்பான். அவனுக்கு அடிபட்டால், காய்ச்சல் வந்தால், கோபித்துக்கொண்டால் சுருளிவேலை இறக்குவார்கள். இறக்கும்போதெல்லாம் இறங்கினான். அதில் அவனுக்கு மனத்தாங்கல் இருந்ததில்லை. அறையில் கூடத் தங்கியவர்களிடமிருந்து இந்தி கற்றுக்கொண்டான். நாக்பூரில் ஒரு வைத்தியக்காரர் முழங்காலுக்குத் துணி சுற்றும் முறை கற்றுக்கொடுத்தார். அதையே கடைசிவரை சுற்றினான்.

ராஞ்சியில் அவனுடைய இரண்டாவது வருடத்தில் அந்தச் சம்பவம் நடந்தது.

எதிரணி லக்னோ, ஆட்டமும் லக்னோவில்தான். அவர்களுடைய முதல் ரெய்டர் தேஜ்வீர், ஹரியானாக்காரன். அந்த வருடம் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்துக்கொண்டிருந்தவன். ராஞ்சி அணியில் மூன்றே பேர் மிச்சம். மூன்று பேர் நிற்கும்போது வருகிறவனைப் பிடித்துவிட்டால் இரட்டைப் புள்ளி. தேஜ்வீர் பாடிக்கொண்டு வந்தான். இடப்பக்கம் ஓடி, மூலையில் நின்றவனைத் தொட வலது காலை நீட்டினான். சுருளிவேல் பாய்ந்தான். இரண்டு உள்ளங்கைக்குள்ளும் கணுக்கால் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. அதே நேரத்தில் பக்கத்தில் நின்ற கூட்டாளி தோளால் தேஜ்வீரை இடித்தான். உடம்பு ஒரு பக்கம் திரும்பியது, கால் சுருளிவேலின் கைக்குள்ளேயே நின்றது. காய்ந்த மூங்கில் முறிகிற மாதிரி ஒரு சத்தம். காதுக்கு வருமுன் அது அவன் கைக்கு வந்துவிட்டது.

விசில் ஊதி இரண்டு புள்ளி கொடுத்தார்கள். ராஞ்சி ஆட்கள் குதித்தார்கள். சுருளிவேல் மட்டும் எழுந்திருக்கவில்லை. கையை எடுத்தால் அந்தக் கால் என்ன ஆகுமோ என்ற பயத்தில், டாக்டர் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடும்வரை அதைத் தாங்கிக்கொண்டே படுத்திருந்தான்.

பிடியில் தப்பில்லை என்று நடுவர்கள் மூன்று முறை வீடியோ போட்டுப் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் அவன் போனுக்கு யார் யாரோ எழுதினார்கள். அவனுக்குப் புரிந்த இந்தி, புரியாத இந்தி எல்லாவற்றிலும் திட்டு. மறுநாள் காலையில் அவன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது மேனேஜர் தடுத்தார். "போனால் தப்புச் செய்தவன் மாதிரி ஆகிவிடும்" என்றார். "பரவாயில்ல சார்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தான்.

அறை வாசலில் நின்ற பிறகுதான் வெறுங்கையோடு வந்திருப்பது உறைத்தது. ஒரு ஆரஞ்சுப் பழமாவது வாங்கியிருக்கலாம். உள்ளே தேஜ்வீர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். முட்டிவரை கட்டு. பக்கத்தில் அவன் அம்மா, தலையில் முக்காடு போட்ட பெரிய உடம்புக்காரி. இரவு ரயிலேறி அப்போதுதான் வந்து சேர்ந்தவள்போல் பை இன்னும் காலடியிலேயே இருந்தது.

சுருளிவேல் தனக்குத் தெரிந்த இந்தியில் மன்னிப்புக் கேட்டான். தேஜ்வீர் திரும்பவே இல்லை. அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதானா?"

"நான்தாம்மா."

"உனக்கு அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவங்களுக்கு போன் பண்ணினியா?"

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

"போ, வெளியே போய் முதல்ல அவங்களுக்குப் பேசு. டிவியில பாத்திருப்பாங்க. பிள்ளைக்கு என்ன ஆச்சோன்னு பயந்து போயிருப்பாங்க."

அவன் நடைபாதையில் போய் நின்று அம்மாவை அழைத்தான். தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே பாறை மேல் ஏறி நின்று காலையிலிருந்து அவளும் முயன்றுகொண்டிருந்தாளாம். "அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கு?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. அதைக் கேட்டதும் சுருளிவேல் சுவரோடு உட்கார்ந்து அழுதான். அந்த ஹரியானாக்காரம்மா வெளியே வந்து, பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி அவன் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதோடு அவன் கை கெட்டுப்போனது. எலும்புக்கு ஒன்றும் இல்லை. காலைக் கண்டால் கை போகவில்லை. போனாலும் அரை நொடி பிந்திப் போயிற்று. பிடிக்கிறவனுக்கு அரை நொடி என்பது ஆயுசு. கோச் நான்கு ஆட்டம் பொறுத்தார், அப்புறம் பெஞ்சில் உட்கார வைத்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த வருடம் லீக்குக்கு ஆட்டக்காரர்களை எடுக்கும் ஏலத்தில் அவன் பெயரை வாசித்தபோது எந்த அணியும் பலகையைத் தூக்கவில்லை. பானுப்பிரியா அதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் கடந்து போனதும் போனை அணைத்துவிட்டு, "மாமா, காபி போடவா?" என்றாள்.

அம்மா வேலை பார்த்த தோட்டத்திலேயே அவனுக்கும் வேலை கிடைத்தது. பறித்த பச்சைக் காயைச் சாக்கில் கட்டி, சரிவிலிருந்து உலர்த்துகிற ஸ்டோருக்குச் சுமந்து கொண்டுவர வேண்டும். உடம்பில் பலம் இருந்தது, அந்த வேலைக்குக் கை பயப்படவில்லை. சூப்ரவைசர் ஒரு மலையாளி. இவனைக் 'கபடி' என்றே கூப்பிடுவார். "கபடி, மதி, மதி, ஒராள் எடுக்குந்ந லோடு எடுத்தால் மதி" என்று, ஓர் ஆள் சுமையே போதுமென அடிக்கடி அதட்டுவார். இவன் இரண்டு ஆள் சுமையைத் தூக்குவான்.

அந்தச் சித்திரையில் பக்கத்து ஊர் தேவாரத்தில் கோயில் திருவிழாப் போட்டிக்கு அவனை விருந்தாளி ஆட்டக்காரனாக அழைத்தார்கள். லீக்கில் ஆடியவன் வருகிறான் என்று ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லிக் கூட்டம் சேர்த்துவிட்டார்கள். நான்கு பேர் அடுத்தடுத்துப் பாடி வந்தார்கள். நான்கு பேரின் காலும் அவன் முன்னால் நீண்டது. நான்கையும் விட்டான். "டிவிக்கு மட்டுந்தான் பிடிப்பீகளோ?" என்று ஒருத்தர் கத்த, கூட்டம் சிரித்தது. இடைவேளையில் சட்டையை மாட்டிக்கொண்டு, ஏற்பாடு செய்தவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பஸ்சு ஏறினான்.

அதற்கடுத்த வருடம் நோய் வந்து உலகமே அடைத்துக்கொண்டது. போடிமெட்டில் ரோட்டை மறித்துவிட்டார்கள். இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போக முடியவில்லை, செடியில் காய் பழுத்து உதிர்ந்தது. ராக்கையாவின் ஜீப்பு வீட்டு முன்னால் தார்ப்பாய் போர்த்தி நின்றது. லீக்கும் நடக்கவில்லை. அந்த நாட்களில்தான் சுருளிவேலுக்கு மகள் பிறந்தாள். முத்துப்பிரியா என்று பெயர் வைத்தார்கள். ஏதாவது ஒரு அணியில் இருந்திருந்தால், பிள்ளை பிறந்த சேதியை அவன் எங்கேயோ ஒரு ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டிருப்பான். இப்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்று, நர்ஸ் கொண்டுவந்த துணிப் பொட்டலத்தைக் கையில் வாங்கினான். அந்த ஒன்றுக்காகவே அந்த இரண்டு வருடத்தையும் அவன் இன்றுவரை கெட்ட காலம் என்று சொல்வதில்லை.

ரோடு திறந்து, தோட்டம் ஓடத் தொடங்கி ஒரு வருடம் போன பிறகு, ஒருநாள் ஸ்டோர் வாசலில் சாக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண்.

"சூர்லி?"

இந்தூரில் வைத்த பெயர். வடக்கே உள்ளவர்களைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

"யாரு?"

"தேஜ்வீர்."

சுருளிவேல் சாக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டான். தேஜ்வீர் சுற்றி வளைக்கவில்லை. கால் கூடிவிட்டது, ஆனால் பழைய மாதிரி ஆட முடியாது. குவாலியரில் ஒரு புது அணி, அதில் துணைக் கோச்சாகச் சேர்ந்திருக்கிறான். இடது மூலைக்கு ஆள் தேடுகிறார்கள். சுருளிவேலின் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

"பாய், நான் இப்பப் பிடிக்கிறதில்ல" என்றான் சுருளிவேல்.

"தெரியும். எனக்கு அடிபட்டதுக்கு அப்புறம் உன் பக்கம் இருபத்தோரு ரெய்டு வந்துச்சு. பதினெட்டுல நீ கையே நீட்டல."

"எண்ணிப் பாத்தீங்களா?"

"ஒரு வருசம் படுக்கையில கிடந்தேன், வேற என்ன செய்ய? முதல்ல உன் மேல கோபத்துல பாத்தேன். நீ எப்படிப் பிடிச்சேன்னு, எங்க தப்புன்னு. பாக்கப் பாக்க அது சரியான பிடின்னு தெரிஞ்சுது. இடிச்ச ஆளும் சரியாத்தான் இடிச்சான். என் நேரம், அவ்வளவுதான். கோபம் போயிருச்சு. அதுக்கப்புறம் நீ கையை நீட்டாததைப் பாக்கத்தான் எனக்குத் தாங்கல."

வீட்டில் சொன்னபோது ராக்கையா முழங்காலைப் பற்றிக் கேட்டார். முப்பது வயதாகிறதே என்றார். மொக்கம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கூப்பிட்டது அந்தப் பிள்ளைதானா? அவன் வாயாலயா?"

"ஆமா ஆத்தா."

"அப்ப வெரசாக் கெளம்பு."

பானுப்பிரியா பையில் துணி அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஆடுறது, ஆடாதது எல்லாம் அப்புறம் மாமா. முதல்ல போயி அந்த மனுசன் மூஞ்சிய நேராப் பாருங்க. இத்தனை வருசமா நீங்க சரியாத் தூங்கல, எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க."

குவாலியரில் மார்கழிக் குளிர். பயிற்சிக் கூடத்தில் மற்றவர்கள் வருவதற்கு ஒருமணி நேரம் முன்னால் தேஜ்வீர் அவனை வரச்சொன்னான். லேசாக விந்தி நடந்து ஆட்ட விரிப்பின் நடுவில் வந்து நின்றான். ஷூவைக் கழற்றினான், சாக்ஸைக் கழற்றினான். கணுக்காலின் இருபுறமும் நீளமாகத் தையல் தழும்பு.

"உள்ள இரும்புத் தகடு வச்சிருக்கு. டாக்டரைக் கேட்டுட்டுத்தான் வந்தேன், பயப்படாத. பிடி."

மெல்ல ஓடி வந்து அந்தக் காலை நீட்டினான். சுருளிவேல் குந்தினான். கை எழும்பவில்லை. மறுபடி வந்தான். எழும்பவில்லை. அன்று ஒருமணி நேரமும் அப்படியே போயிற்று. இரண்டாம் நாள் விரல் நுனி தோலில் பட்டது, பட்டவுடன் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டான். மூன்றாம் நாள் தேஜ்வீருக்கு மூச்சு வாங்கியது. இடுப்பில் கைவைத்து நின்றான்.

"சூர்லி, நான் பத்து வருசம் ஆடினவன். என் காலைப் பாத்து ஒருத்தன் பாவப்படுறது எனக்கு எவ்வளவு அவமானமா இருக்குன்னு உனக்குத் தெரியுதா? என்னை ரெய்டர்னு நினைச்சுப் பிடி. நோயாளின்னு நினைச்சா ஊருக்குப் போயிரு."

அடுத்தமுறை அவன் மெல்ல வரவில்லை. வலியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பழைய வேகத்தில் பாதியாவது கூட்டி வந்தான். கால் நீண்டது. சுருளிவேல் யோசிப்பதற்குள் உடம்பு போய்விட்டது. இரண்டு உள்ளங்கையும் தழும்பின் மேல் மூடின. தேஜ்வீர் தொப்பென்று விழுந்தான். விழுந்தவன் எழுந்திருக்காமல் மல்லாந்து படுத்துச் சிரித்தான். சுருளிவேலின் பிடி தளரவில்லை.

"விடுடா இப்ப, விசில் அடிச்சாச்சு" என்றான் தேஜ்வீர்.

குவாலியரில் மூன்று வருடம் ஆடினான் சுருளிவேல். அவன் வாழ்நாளில் ஒரே அணிக்கு அதிக நாள் ஆடியது அங்கேதான். முதல் வருடம் பதினோரு ஆட்டம். இரண்டாம் வருடம் ஏறக்குறைய எல்லா ஆட்டமும். ஒருமுறை வரிசையாக ஆறு பேரைப் பிடித்த நாளில், டிவிக்காரர்கள் அவனைத் தனியாக நிறுத்திப் பேட்டி எடுத்தார்கள். அவன் இந்தியைக் கேட்டுக் கூட இருந்தவர்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். முன்பு இல்லாத ஒரு பழக்கம் அவனுக்கு வந்திருந்தது. விசில் சத்தம் கேட்ட அடுத்த கணம் கையை விரித்துவிடுவான், அப்புறம் கீழே கிடக்கிறவனைத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போவான். எதிரணி ஆட்களே அதற்காக அவன் முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள்.

கோப்பை கிடைக்கவில்லை. அணி ஒருமுறை ஆறாவதாக வந்தது; அதற்கு மேல் ஏறவில்லை. மூன்றாம் வருடம் இடது முழங்கால் வீங்கத் தொடங்கியது. நாக்பூர் வைத்தியக்காரர் சொன்ன துணிக்கட்டு அதற்குமேல் தாங்காது என்று அவனுக்கே தெரிந்தது. கடைசி ஆட்டத்தில் இரண்டாம் பாதிக்கு இறக்கினார்கள். இரண்டு பேரைப் பிடித்தான், ஒருவனை விட்டான். மூன்று புள்ளியில் தோற்றார்கள். எல்லோரும் போன பிறகு தேஜ்வீரும் அவனும் ஆட்ட விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, பொட்டலத்தில் வந்த ரொட்டியையும் பருப்பையும் தின்றார்கள். தேஜ்வீர் தன் அம்மாவுக்குப் போன் போட்டு அவனிடம் கொடுத்தான். "எப்ப உங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறே? மலையெல்லாம் இருக்குன்னு சொல்றான் இவன்" என்றாள் அந்த அம்மாள். இன்னும் அவர்கள் வரவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வருவதாகச் சொல்கிறார்கள்.

சென்னையிலிருந்து போடிக்கு இப்போது ரயில் வருகிறது. அதில்தான் வந்து இறங்கினான். இரண்டு பெட்டி, ஒரு சாக்கு நிறையப் பழைய ஷூ. அதே தோட்டத்தில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்கள். காய் உலரும் சூட்டைக் கவனிப்பது, பதம் பார்த்து எடுப்பது, ஆளை வைத்து வேலை வாங்குவது. முழங்காலுக்கு அது சரியாக இருக்கிறது. நடுவர் தேர்வும் எழுதித் தேறினான். ஞாயிற்றுக்கிழமைகளில் கழுத்தில் விசிலோடு எங்காவது கிளம்பிவிடுவான்.

போன மாதம் ராசிங்காபுரத்தில் அவனுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். ஊர்ப் பெரியவர் மொக்கச்சாமி சால்வை போட்டார். பேசச் சொன்னார்கள். மேடையில் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. மைக்கைக் கையில் வாங்கினான். கீழே முன்வரிசையில் மொக்கம்மாளும் பானுப்பிரியாவும், மடியில் முத்துப்பிரியாவும்.

"எனக்குப் பேச வராது. நன்றி மட்டும் சொல்லிக்கிறேன்" என்று தொடங்கினான்.

அம்மை போட்டதால் அன்றைக்கு ஆட வராத அந்தக் கூட்டாளிக்கு நன்றி சொன்னான், கூட்டம் சிரித்தது. நூற்பாலை கேண்டீனில் இரண்டாவது தடவை சோறு வைத்த சோணையண்ணனுக்கு. மங்களூர் கிளப்பில் முள்ளெடுத்து மீன் தின்னச் சொல்லிக்கொடுத்த ரேணுகா அக்காவுக்கு. நாக்பூர் வைத்தியக்காரருக்கு. அவனைப் பெஞ்சில் உட்கார வைத்த ராஞ்சி கோச்சுக்கு: "அன்னைக்கு என்னைய எறக்கியிருந்தார்னா இன்னும் கெட்டுப்போயிருப்பேன்." சுமையைக் குறைக்கச் சொல்லி அதட்டிய சூப்ரவைசர் சேட்டனுக்கு. தேவாரத்தில் கத்திய ஆளுக்குக்கூடச் சொன்னான், பெயர் தெரியாது என்று வருத்தப்பட்டான். ஒவ்வொருவரும் யார், எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று விளக்கமாகச் சொல்லிக்கொண்டே போனான். அரைமணி நேரம் ஆயிற்று. பந்தலுக்குப் பின்னால் சாப்பாட்டு வாசம் வந்துவிட்டது. மொக்கச்சாமி இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். பானுப்பிரியா போதும் என்று கீழேயிருந்து கையைக் காட்டினாள்.

"இன்னும் ஒருத்தர்தான்" என்றான். "குவாலியர்ல... தேஜ்வீர்னு..."

அதற்குமேல் வரவில்லை. கூட்டம் முதலில் என்னவென்று புரியாமல் பார்த்தது, பிறகு சலசலப்பு அடங்கிற்று. மொக்கம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "சரிப்பு, எறங்கி வா. அந்தப் பிள்ளைக்குத் தெரியும்" என்றாள். அவன் மைக்கைப் பத்திரமாக அதன் கம்பியில் மாட்டிவிட்டு இறங்கினான்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, மதியம் நடக்கிற ஆட்டத்துக்கு நடுவர் ஒருவர் வரவில்லை என்று வந்து சொன்னார்கள். சால்வையை மடித்துப் பானுப்பிரியாவிடம் கொடுத்துவிட்டு, சட்டைப்பையில் விசில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு நடந்தான்.